எண்ணெய் அகழ்வும் வழங்குநர் தெரிவும்

ஆழ்கடலிலிருந்து எண்ணெயும் இயற்கை வாயுவும் எடுக்கும் முயற்சியைத் தனியொரு கம்பனியின் செயலாகக் கருதுவது வழக்கம். உண்மையில், துளையிடும் மேடை ஒருவருக்குரியது. சீமெந்து இடுவோர் வேறொருவர். பாதுகாப்புப் பொறியைச் செய்தளிப்போர் பிறிதொருவர். ஆதலின், வழங்குநரைத் தெரிவுசெய்தல் கொள்வனவுப் பகுதியினரின் கணக்கு வேலை மட்டுமன்று. கடலினதும் அதனை நம்பி வாழ்வோரதும் நலன் அத்தெரிவிலேயே தங்கியுள்ளது. இதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்க முயல்வோம்.

2010 ஏப்ரல் 20 ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கொண்டோ என்னும் கிணற்றில் வெடிப்பு நிகழ்ந்தது. 11 தொழிலாளர் உயிரிழந்தனர். 87 நாள்கள் எண்ணெய் கடலிற் கலந்தது. கிணற்றுக்குப் பொறுப்பாயிருந்தது பீ.பி. நிறுவனம். 'டீப்வோட்டர் ஹொறைசன்' என்ற மேடை ட்றான்ஸ்ஓஷன் நிறுவனத்துக்குரியது. சீமெந்துப் பணியை ஹலிபேர்ட்டன் மேற்கொண்டது. கிணற்றுவாயை அடைக்கும் பொறி கமரன் நிறுவனத்தின் தயாரிப்பாகும்.

கிணற்றின் அடியிலுள்ள எண்ணெயும் வாயுவும் மேலெழாது தடுக்க வேண்டியது சீமெந்து. அங்கு நைதரசன் கலந்த நுரைச்சீமெந்து பயன்படுத்தப்பட்டது. அத்தகைய கலவை நிலையற்றது எனக் காட்டிய ஆய்வுகூடப் பெறுபேறு மார்ச் மாதத்திலேயே பீ.பி.க்கு அனுப்பப்பட்டிருந்தது. வழங்குநர் அதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தியதாகவோ, கொள்வோர் அதுபற்றி வினவியதாகவோ சான்றில்லை என்பதை அமெரிக்க தேசிய ஆணைக்குழுவின் விசாரணை வெளிப்படுத்தியது. 2014 இல் தீர்ப்பளித்த நியூ ஓர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம், தவறில் 67 வீதத்தைப் பீ.பி. மீதும், 30 வீதத்தை ட்றான்ஸ்ஓஷன் மீதும், 3 வீதத்தை ஹலிபேர்ட்டன் மீதும் சுமத்தியது. பணியைப் பிறரிடம் ஒப்படைத்தல் பொறுப்பையும் ஒப்படைத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து மூன்று நியமங்களை நாம் வற்புறுத்தலாம். முதலாவது, விலைக்கு முன்னர் தகுதி நோக்கப்படல் வேண்டும். பாதுகாப்பு, சூழல், தொழிலாளர் நலன் ஆகியவற்றில் தேறியோரின் விலைமனுக்களே திறக்கப்படல் தகும்.

இரண்டாவது, சான்றிதழோடு அமைதல் கூடாது. ஐ.எஸ்.ஓ. 14001 போன்ற சான்றிதழ், சூழல் முகாமைக்கென ஓர் ஒழுங்குமுறை உண்டு என்பதையே காட்டும். குறித்த கிணற்றுக்குரிய சீமெந்து உறுதியானது என்பதைக் காட்டாது. அப்பணிக்குரிய சோதனைப் பெறுபேறுகளைக் கேட்டுப் பெற்று, அவற்றை விளங்கக்கூடியவர் படித்து ஒப்பமிட்ட பின்னரே வேலை தொடங்கல் வேண்டும்.

மூன்றாவது, வழங்குநருக்கு வழங்குவோரும் ஆராயப்படல் வேண்டும். எண்ணெய்க் கைத்தொழிலில் முன்னணியிலுள்ள நோர்வே இதனைச் சட்டமாக்கியுள்ளது. 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, தம் வழங்கற் சங்கிலி முழுவதிலும் மனித உரிமைகளும் தொழில் நிலைமைகளும் எவ்வாறுள்ளன என்பதைப் பெரிய நிறுவனங்கள் ஆராய்ந்து வெளியிட வேண்டுமென விதிக்கிறது.

இவ்வாறு ஆராய்வது செலவை மிகுவிக்கும் என்பர். மக்கொண்டோ தொடர்பாக அமெரிக்க அரசுடனும் ஐந்து மாநிலங்களுடனும் 2015 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி பீ.பி. செலுத்த ஒப்பிய தொகை 2,000 கோடி டொலருக்கு மேற்பட்டது என்பதை அன்னோர் நினைதல் நன்று.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2011 இல் மன்னார் வடிநிலத்தின் ஆழ்கடலில் துளையிட்டபோது இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அவ்வாயு வெளிக்கொணரப்படும் நாள் வருமாயின், குறைந்த விலை யாது என வினவுமுன், சோதனைப் பெறுபேறு எங்கே என வினவும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருத்தல் வேண்டும்.