சல்லடையும் சுவைஞரும்: கணினிக் கருவகத்தின் அறிவிப்பு முறை

அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, உலர்த்தப்பட்ட தேயிலை பல கண்ணளவுள்ள சல்லடைகளிற் பட்டுத் தரந்தரமாகப் பிரிகின்றது. சல்லடை துகளின் பருமனை மாத்திரம் அறியும். சாயத்தின் நிறத்தையோ சுவையையோ அஃது அறியாது. அவற்றைத் தீர்மானித்தற்கு, மாதிரி எடுத்து வெந்நீர் வார்த்துச் சுவைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். தானாக விரைந்து நிகழும் வேலையும், ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் வேலையும் வெவ்வேறு என்பது இதனாற் புலனாகும். இவ்விரண்டையும் பிரித்து ஒழுங்குசெய்யும் முறையொன்று லினக்ஸ் என்னும் கணினி இயக்குதளத்திலும் உண்டு.

இயக்குதளத்தின் நடுநாயகமாயுள்ள பகுதி கருவகம் எனப்படும். ஒரு நிரல் கோப்பொன்றைத் திறக்கவோ வலையமைப்பிற் செய்தி அனுப்பவோ விரும்பின், தானே வன்பொருளைத் தீண்டல் இயலாது. கருவகத்தை வேண்டியே அதனைப் பெறுதல் கூடும். அவ்வேண்டுகோளே முறைமை அழைப்பு. இத்தகைய அழைப்புக்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. நம்பத்தகாத நிரலுக்கு அவையனைத்தும் திறந்திருப்பின், கருவகத்திலுள்ள சிறு வழுவொன்றே முழுக்கணினியையும் பகைவர் கையில் ஒப்படைத்துவிடும்.

இதனைத் தடுத்தற்கெனச் 'செக்கொம்ப்' என்னும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்க்கப்பட்டது. அது தொடக்கத்தில் நான்கு அழைப்புக்களை மாத்திரம் அனுமதித்தது. 2012இல் ஒவ்வொரு நிரலுக்கும் ஏற்ற வடிகட்டியை அமைக்கும் வசதி வந்தது. வடிகட்டி, அழைப்பின் எண்ணையும் அதனுடன் வரும் ஆறு மதிப்புக்களையும் நோக்கி, அனுமதித்தல், பிழையென மறுத்தல், நிரலைக் கொல்லுதல் முதலிய முடிவுகளுள் ஒன்றைச் செய்யும்.

எனினும், இவ்வடிகட்டியும் சல்லடை போன்றதே. கோப்பின் பெயர் போன்றவை அழைப்பில் நேரே வருவதில்லை. அவை நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரியே வரும். முகவரியைத் தொடர்ந்து சென்று அங்குள்ளதை வாசிக்க வடிகட்டிக்கு அனுமதியில்லை. ஆதலின், சுவை பார்ப்பார் ஒருவர் தேவையாயிற்று. 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.0 அவ்விடத்தைக் காவல் நிரலுக்கு அளித்தது.

அதன் செயன்முறை வருமாறு. வடிகட்டி 'அறிவிக்க' என முடிவுசெய்ததும், அழைத்த நிரல் உறங்க வைக்கப்படும். கருவகம் அவ்வழைப்புக்கு அடையாள எண் ஒன்றிட்டு, அழைத்தவர் யார், கேட்டது யாது என்னும் விவரங்களைக் காவல் நிரலுக்கு அனுப்பும். காவல் நிரல், உறங்கும் நிரலின் நினைவகத்தைத் திறந்து வாசிக்கும். இதற்கிடையில் அந்நிரல் இறந்து, அதன் எண் வேறொன்றுக்கு வழங்கப்பட்டிருத்தலுங் கூடும். ஆதலின், அடையாள எண் இன்னுஞ் செல்லுபடியாகின்றதா எனக் கருவகத்திடம் உசாவுதல் இன்றியமையாதது. அதன் பின்னரே விடை அனுப்பப்படும். உறங்கிய நிரலும் விழித்தெழும்.

2020இன் தொடக்கத்தில் வந்த 5.5ஆம் பதிப்பு, 'தொடர்க' என விடையளித்து அழைப்பைக் கருவகத்திடமே விடும் வசதியைச் சேர்த்தது. பேரிடர் ஈண்டே உளது. மாதிரியைச் சுவைத்து ஒப்புதல் அளித்த பின்னர், பெட்டியிலுள்ள தேயிலையை ஒருவர் மாற்றிவிடின் அவ்வொப்புதலாற் பயன் யாது? அழைத்த இழை உறங்கினும், அதே நினைவகத்தைப் பகிரும் வேறோர் இழை விழித்திருக்கும். காவல் நிரல் நல்ல பெயரை வாசித்து ஒப்பிய கணத்திற்கும், கருவகம் அதனை மீண்டும் வாசிக்கும் கணத்திற்கும் இடையே, அவ்விழை பெயரை மாற்றிவிடலாம். ஆகவே, வரம்பு மீறிய வேண்டுகோளைக் கருவகமே தன் பிற விதிகளால் மறுக்கும் என்னும் உறுதி உள்ளவிடத்தன்றி, 'தொடர்க' என்பதைப் பாதுகாப்பு அரணாகக் கொள்ளலாகாது.

நேரிய வழி, காவல் நிரல் வேண்டியதைத் தன் நினைவகத்திற் படியெடுத்து, அப்படியையே ஆராய்ந்து, ஒப்பத்தக்கதாயின் அச்செயலைத் தானே செய்து, பயனை மாத்திரம் அளிப்பதாகும். கோப்பைத் தானே திறந்து, திறந்த கோப்பை அழைத்த நிரலின் கையில் வைத்தற்கு அதே ஆண்டில் வந்த 5.9ஆம் பதிப்பு வழிசெய்தது. ஒரு கணினியைப் பலர் பகிரும் கொள்கலங்களில், கோப்பு முறைமையை இணைத்தல் போன்ற அதிகாரமிக்க செயல்கள் இவ்வாறு கண்காணிப்புடன் நிறைவேற்றப்படுகின்றன.

சோதித்த பொருளும் பயன்படுத்தும் பொருளும் ஒன்றேயாதல் வேண்டும் என்பதே இதன் சாரம். அவ்வொருமை இல்லாதவிடத்துச் சோதனை எத்துணை நுண்ணியதாயினும், அது காவலாகாது.