பிழிவது வேறு, நசுக்குவது வேறு

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வினைச்சொற்களை மட்டும் கவனித்துப் பார்த்தால் ஒரு கறார்த்தனம் தெரியும். உருளைக்கிழங்கை 'மாஷ்' செய்யச் சொல்வார்கள். எலுமிச்சம்பழம் என்றால் 'ஸ்குவீஸ்', பூண்டு என்றால் 'க்ரஷ்', மிளகு என்றால் 'கிரைண்ட்'. நான்கிலும் கை செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், அழுத்துவது. ஆனால் எலுமிச்சம்பழத்தை 'மாஷ்' செய்யும்படி யாரும் எழுதுவதில்லை. அழுத்திய பிறகு பொருள் என்ன ஆகிறது என்பதே அங்கே வினையைத் தீர்மானிக்கிறது. சாறு பிரிந்து வந்தால் ஸ்குவீஸ், மசிந்து குழைந்தால் மாஷ், உருக்குலைந்து நசுங்கினால் க்ரஷ், பொடியானால் கிரைண்ட்.

பிழி, மசி, நசுக்கு, அரை என்று பிரித்தே பேசும் தமிழருக்கு இது புதிய சங்கதி அல்ல. இருந்தும் ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாற்றம் வருகிறது. ஒரே வரிசையில் அச்சிட்ட இணைச்சொற்களில் எதை எடுத்துப் போட்டாலும் பொருந்தும் என்று நம்புவதே அதற்குக் காரணம்.

இணைச்சொல் நூல்களின் முன்னோடியான பீட்டர் மார்க் ரோஜே அப்படி நினைத்தவர் அல்ல. 1779இல் லண்டனில் பிறந்த மருத்துவர் அவர். ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தம் சொந்த உபயோகத்துக்காக 1805இல் தொடங்கிய சொல்தொகுப்பை, ஓய்வுக்காலத்தில் விரித்து 1852இல் 'தெசாரஸ்' ஆக வெளியிட்டார். அதை அவர் அகரவரிசையில் அடுக்கவில்லை. கருத்துகளை 1000 தலைப்புகளாக வகுத்து அடுக்கினார். அவர் வகுத்த அமைப்பில் 'க்ரஷ்' ஒரே இடத்தில் அடங்கிவிடுவதில்லை. சுருங்குதல் பற்றிய தலைப்பில் ஸ்குவீஸுக்கு அருகில் நிற்கிறது, பொடியாதல் பற்றிய தலைப்பில் கிரைண்டுடன் சேர்கிறது, அழிவு பற்றிய தலைப்பிலும் வருகிறது. பின்னால் வந்த அகரவரிசைப் பதிப்புகளில் தேடுவது சுலபமாயிற்று. அவர் காட்டிய இந்த வேறுபாடுதான் கண்ணில் படாமல் போனது.

தொழில் செய்பவர்களிடம் போனால் குழப்பமே இல்லை. கலிபோர்னியாவின் ஒயின் வட்டாரத்தில் திராட்சை அறுவடைக் காலத்துக்குப் பெயரே 'க்ரஷ்'தான். அங்கே க்ரஷ் ஒரு வேலை, 'பிரெஸ்' இன்னொரு வேலை. சிவப்பு ஒயினுக்கு முதலில் பழத்தை க்ரஷ் செய்து தோலைக் கிழிக்கிறார்கள். சாறும் தோலும் விதையும் கலந்தபடியே நொதிக்கின்றன. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்க வேண்டும். நொதித்த பிறகுதான் பிரெஸ், அதாவது சக்கையை அழுத்தி ஒயினைப் பிரிப்பது. வெள்ளை ஒயினுக்கு நொதிக்கும் முன்பே பிரெஸ் செய்து தோலை நீக்கிவிடுகிறார்கள். இரண்டு சொற்களும் இடம் மாறினால் ஒயினே வேறாகிவிடும். தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளின் 'கிரஷிங் சீசன்' தமிழில் அரவைப் பருவம் ஆகிறது. கரும்பை அரைத்துப் பொடியாக்குவதில்லைதான். ஆனாலும் ஆலை வட்டாரத்தில் நிலைத்த சொல் அதுவே.

'பிரெஸ்' லத்தீன் வழி வந்த சொல். மெதுவாக, விடாமல், வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் அதன் இயல்பு. 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனிய வழக்கில் சிக்கிய விவசாயி கைல்ஸ் கோரி, குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கே பதில் சொல்ல மறுத்தார். எண்பது வயதை ஒட்டிய அந்த மனிதர் மீது கனமான கற்களை ஏற்றி, உயிர் போகும்வரை அழுத்தினார்கள். இந்தக் கொடுமையைச் சொல்லும் ஆங்கில வரலாற்று நூல்கள் பெரும்பாலும் க்ரஷ் என்று எழுதாமல் பிரெஸ் என்றே எழுதுகின்றன. பதிலை வரவழைக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிய சித்திரவதை அது. 1956இல் ஹங்கேரிக் கிளர்ச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியதைச் சொல்லும்போதோ அதே நூல்களுக்கு க்ரஷ் வேண்டியிருக்கிறது. எழுந்தது மறுபடி எழாதபடி முடிந்தது என்பதை அந்தச் சொல் சொல்லிவிடும்.

நீதிமன்றத்துக்கு உரியது 'குவாஷ்'. பர்மிங்ஹாம் அறுவர் என்று அறியப்பட்டவர்கள் செய்யாத குற்றத்துக்குப் பதினாறு ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் மீதான தீர்ப்பை 'குவாஷ்' செய்தது, அதாவது ரத்து செய்தது. ஓசையில் நெருங்கிய 'ஸ்குவாஷ்' வதந்தியை அடக்கும், பழத்தை நசுக்கும். தீர்ப்பை ரத்து செய்ய உதவாது.

மாஷ், க்ரஷ், ஸ்குவாஷ், ஸ்மாஷ்: இத்தனை சொற்கள் ஒரே ஓசையில் முடிவதும் யோசிக்க வைக்கிறது. ஓர் ஓசைக் கொத்து பல சொற்களில் ஒரே வகைப் பொருளைச் சுமந்து வருவதற்கு 'ஃபோனெஸ்தீம்' என்று 1930இல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த இந்த மொழியியலாளர், தமிழ் ஒலிப்பைப் பற்றியும் எழுதியவர்.

இந்தச் சொற்களைக் கற்க நல்ல வழி, வினைக்குப் பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் வருகிறது என்று பார்ப்பதுதான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் குழுவினருடன் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட கற்போர் அகராதி இந்த வழியில் போனது. ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிகள் அதிலிருந்து வளர்ந்தவை. அவற்றில் ஸ்குவீஸைத் தேடினால் பொருள் விளக்கத்தோடு எடுத்துக்காட்டுகளும் கிடைக்கும். பற்பசைக் குழாய், எலுமிச்சை, ஆறுதலாகப் பற்றிய கை, துப்பாக்கியின் விசை எல்லாமே ஆங்கிலத்தில் ஸ்குவீஸுக்கு உரியவை.