மே மாத லீவில் கடற்கரை ட்ரிப்பா? ஹோட்டலைத் தேடும் முன் காலண்டரைப் பாருங்க!

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வசிக்கும் பல குடும்பங்களின் நாட்களை சிப்காட் ஷிஃப்ட்தான் தீர்மானிக்கிறது. பெற்றோருக்கு லீவு கிடைத்து, பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லாத நாட்கள் ஒன்றுசேர்வது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். "கடலைப் பார்க்கணும், வயிறார மீன் சாப்பிடணும்" என்று வீட்டில் பேச்சு எழுந்தவுடன் செல்போனில் 'பெஸ்ட் சீஃபுட் ரெஸ்டாரன்ட்' தேடல் தொடங்கிவிடும்.

ஊர் விட்டு ஊர் போய் நாலு பேர் உட்கார்ந்து மீன் சாப்பிடுவது சின்னச் செலவு இல்லை. மாதக்கணக்கில் எடுத்துவைத்த பணத்தைக் கொடுத்துப் பழைய மீனைச் சாப்பிட்டு, பிள்ளைகள் வயிற்று வலியோடு திரும்பினால் அந்தப் பயணமே கசந்துபோகும். ஆனால், நாம் தேடும் பட்டியல்கள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்வதில்லை. நாம் போகும் வாரத்தில் அந்தக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகின்றனவா என்பதுதான் அது.

கோடை லீவும் தடைக்காலமும்

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அவற்றைப் பாதுகாக்க, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குச் செல்லத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்த இந்தத் தடைக்காலம் பிறகு நீட்டிக்கப்பட்டது. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் எனக் கோடையில் நாம் போக நினைக்கும் ஊர்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன.

அதாவது, நமக்கு லீவு கிடைக்கும் அதே நாட்களில்தான் கடலுக்கும் லீவு!

இந்த நாட்களிலும் மெனு கார்டில் வஞ்சிரம் இருக்கும்; வவ்வால் இருக்கும். அவை கேரளா, கர்நாடகாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருக்கலாம். குளிர்பதனக் கிடங்கிலிருந்தும் வந்திருக்கலாம். வரத்து குறைவதால் விலையும் கூடும். சரியாகக் குளிரூட்டி வைத்த மீனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 'இன்று பிடித்த மீன்' என்று நம்பி அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டுமரம், நாட்டுப்படகில் போகும் மீனவர்கள் தடைக்காலத்திலும் கரையை ஒட்டி மீன் பிடிக்கிறார்கள். நெத்திலி, மத்தி, கிழங்கான், நண்டு போன்றவை அவர்கள் வலையில் கிடைக்கும். அதனால் மே மாதத்தில் புதுச்சேரி போகிறவர்கள் பெரிய வஞ்சிரத் துண்டைத் தேடுவதைவிட நெத்திலி வறுவலும் நண்டுக் குழம்பும் கேட்பது புத்திசாலித்தனம். ருசியும் கிடைக்கும், பணமும் மிஞ்சும்.

ஓசூருக்கு இரண்டு கடல்

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லையோரத்தில் இருப்பதால் வங்கக் கடலுக்கும் போகலாம், அரபிக் கடலுக்கும் போகலாம். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 260 கி.மீ. பெங்களூரு, சக்லேஷ்பூர் வழியாக மங்களூரு ஏறக்குறைய 390 கி.மீ. தூரம் அதிகம்தான், மலைப்பாதையும் உண்டு. ஆனால் கர்நாடகக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, மே மாதம் முழுக்க அங்கே படகுகள் கடலுக்குப் போகும்.

மீனுக்காகவே பயணம் என்றால் இப்படித் திட்டமிடலாம்:

ஏப்ரல் 15 - மே 31: மங்களூரு, உடுப்பி பக்கம்.

ஜூன் 1 - 14: இரண்டு கரையிலுமே விசைப்படகுகள் நிற்கும் நாட்கள். கடலைப் பார்க்கப் போகலாம். மீன் விருந்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஜூன் 15 - ஜூலை 31: கிழக்குக் கரை திறந்துவிடும். மேற்கில் தடையோடு தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும்.

ஆயுத பூஜை லீவு: இரண்டு கரையிலும் படகுகள் ஓடும். பல ஆண்டுகளில் இது புரட்டாசியில் வருவதால், விரதம் இருக்கும் வீடுகளில் மீனுக்கு இடமில்லை. விரதம் இல்லாதவர்களுக்கு, மீன் விலை இறங்கியிருக்கும் நல்ல நேரம்.

அக்டோபர் கடைசி - டிசம்பர்: வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடல் அடிக்கடி கொந்தளிக்கும். வானிலை எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையிலேயே நிற்கும்.

பொங்கல் முதல் மார்ச் வரை: கிழக்குக் கரைக்கு ஏற்ற பருவம்.

மங்களூரு போகிறவர்கள் அங்குள்ள மீன் பெயர்களைத் தெரிந்துகொண்டால் ஆர்டர் செய்வது சுலபம். அஞ்சல் என்றால் நம்ம வஞ்சிரம். பங்குடே என்றால் கானாங்கெளுத்தி. காணே என்றால் கிழங்கான். பூத்தாய் என்றால் மத்தி. மாஞ்சி என்றால் வவ்வால். சிகடி என்றால் இறால். நீர் தோசைக்கு பங்குடே புளிமுஞ்சி தொட்டுச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். மொறுமொறு அரிசி ரொட்டியைக் கோழிக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடும் கோரி ரொட்டி, மீன் பிடிக்காத பிள்ளைகளுக்கு உதவும்.

நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது?

ஒரு கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதங்களில் வந்தவற்றைப் படியுங்கள். சமையல்காரர் மாறினால் ருசி மாறும். பழைய நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். அடுத்து, ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். 'பார்க்கிங் இல்லை', 'லேட் ஆனது' என்பது வேறு. 'மீன் நாறியது' என்று வெவ்வேறு ஆட்கள் எழுதியிருப்பது வேறு. கடை போட்ட படங்களைவிட, சாப்பிட்டவர்கள் எடுத்த இலைப் படங்களை நம்பலாம்.

தேடும் சொல்லையும் மாற்றிப் பாருங்கள். 'சீஃபுட் ரெஸ்டாரன்ட்' என்று தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் முன்னால் வரும். 'மீன் சாப்பாடு', 'மெஸ்' என்று தேடினால் உள்ளூர்க்காரர்கள் மதியம் சாப்பிடும் இடங்கள் தெரியவரும். கர்நாடகாவில் 'மீன் ஊட்டா' என்று கேளுங்கள். கன்னடம் பேசத் தெரிந்த ஓசூர்க்காரர்களுக்கு இது கைவந்த கலை.

உட்காரும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: "இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு?" சட்டென்று இரண்டு, மூன்று பெயர் சொல்லும் கடையில் தைரியமாக உட்காரலாம். "எல்லாம் இருக்கு சார்" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

இரண்டாவது: "மீனைப் பார்க்கலாமா?" கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும்; செவுள் சிவப்பாக இருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைக் குளிரில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது சமைத்தாலும் போகாது. வாயில் மிளகு போலச் சுரீரென்று எரிச்சல் தெரிந்தால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது: "மொத்தம் எவ்வளவு வரும்?" மெனுவில் 'சைஸைப் பொறுத்து' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் பச்சை மீனின் எடைக்குத்தான் விலை. மீனை எடை போட்டு, தொகையைக் கேட்ட பிறகு அடுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வறுவல் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அது மிளகாயின் நிறம்தானா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. 2024 ஜூனில் கர்நாடக அரசு சிக்கன் கபாப், மீன் உணவுகளில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்தது. பிள்ளைகள் முதன்முறையாக நண்டு, இறால் சாப்பிடுகிறார்கள் என்றால் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு இவை ஒவ்வாமையை உண்டாக்கும்.

பில்லையும் படியுங்க!

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். சாதாரண ரெஸ்டாரன்ட்டுகளில் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மீன் இல்லாத நாளிலும் ருசி உண்டு

கடற்கரை ஊரில் மீன் மட்டும்தான் சாப்பாடு என்றில்லை. புதுச்சேரி நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ், தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தும் உணவகங்களின் வரிசையில் வந்தது. 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் இடம்பெற்றதும் இந்தக் காபி ஹவுஸ்தான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வியட்நாமுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த 'நெம்' என்ற ரோல், அந்த ஊர் வீடுகளில் இன்றும் பொரிக்கப்படுகிறது. மங்களூரு பக்கம் போனால் மசால் தோசைக்குப் பேர்போன உடுப்பி இருக்கிறது.

எனவே, லீவுக்கு விண்ணப்பிக்கும்போதே தடைக்காலத் தேதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லீவு மே மாதத்தில்தான், போவதும் புதுச்சேரிக்குத்தான் என்றால் கவலை வேண்டாம். மதியம் பன்னிரண்டரைக்கு, உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் மெஸ்ஸாகப் பார்த்து நுழைந்து, நாட்டுப்படகில் என்ன வந்தது என்று கேளுங்கள்.