போலியோ சொட்டும் குடுத்து ஊசியும் போடுவது ஏன்? குழந்தைகளின் குடலில் பதில் தேடிய வேலூர் விஞ்ஞானி

புதன்கிழமை காலையில் கோவையின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் 45-ம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவந்த அம்மாக்களைப் பார்க்கலாம். வாயில் போலியோ சொட்டு. அடுத்து ரோட்டா வைரஸ் சொட்டு. அதற்குப் பிறகு தொடையில் ஊசி. கடைசியில் கையில் இன்னொரு குட்டி ஊசி, அதுவும் போலியோவுக்கு! "சொட்டுதான் குடுத்துட்டீங்களேங்க, மறுபடி எதுக்குங்க ஊசி?" என்று கேட்காத பாட்டிகள் குறைவு.

நியாயமான கேள்விதான். இதற்கான பதிலின் பெரும்பகுதி, கோவையிலிருந்து சென்னை போகும் ரயிலில் காட்பாடியில் இறங்கினால் கிடைக்கும். பெரிய வைத்தியம் என்றால் கொங்கு வட்டாரத்துக் குடும்பங்கள் கிளம்பிப் போகும் அதே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைதான். அங்கே சுமார் முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளின் குடலைப் படித்தவர் ககன்தீப் காங்.

1962-ல் சிம்லாவில் பிறந்தவர். அப்பா ரயில்வே பொறியாளர் என்பதால் ஊர் ஊராக மாறிய குடும்பம். வேலூரில் எம்.பி.பி.எஸ்., நுண்ணுயிரியலில் எம்.டி., 1998-ல் பிஎச்.டி. என்று படித்து, அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரோட்டா வைரஸ் நிபுணர் மேரி எஸ்டஸிடம் பயிற்சி பெற்று, வேலூருக்கே திரும்பினார். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானபோது, இந்தியாவில் பணியாற்றிக்கொண்டே அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் விஞ்ஞானி என்று செய்திகள் வந்தன. விருதுகளை விட அவர் விடாமல் துரத்திய கேள்விதான் சுவாரஸ்யமானது: ஃபின்லாந்துக் குழந்தைக்கு நன்றாக வேலை செய்யும் சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைக்கு ஏன் பாதிதான் வேலை செய்கிறது?

குடலுக்குத் தனிக் காவல்

நம் உடம்புக்குள் கிருமி நுழையும் முக்கிய வழிகள் மூக்கு, வாய், குடல். இவற்றின் உட்புறம் முழுக்க ஈரமான சளிச்சவ்வு. அந்தச் சவ்வுக்கென்று தனியாக ஒரு காவல் படை உண்டு. அதன் முக்கிய ஆயுதம் 'ஐஜிஏ' என்ற எதிர்ப்புப் புரதம். கிருமி செல்லுக்குள் புகும் முன்பே அதைப் பிடித்துக் கட்டிப்போடும். கையில் போடும் ஊசி பெரும்பாலும் ரத்தத்தில் ஓடும் 'ஐஜிஜி'யைத்தான் தூண்டும். தோட்டத்து வேலியோரம் நிற்கும் காவலாளிக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. போலியோ ஊசி மட்டும் போட்ட குழந்தைக்குக் கால் முடங்காது. ஆனால் வைரஸ் அதன் குடலில் பெருகி, மலம் வழியாக அடுத்த குழந்தைக்குப் போகலாம். அதைத் தடுக்கத்தான் சொட்டு.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொட்டு நம் ஊரில் அரைகுறையாகவே பிடித்தது. வேலூரில் காங்குக்கு ஒரு தலைமுறை முன்பே டி.ஜேக்கப் ஜான் இதைக் கண்டுபிடித்து 1972-ல் எழுதிவிட்டார். மூன்று தவணை குடுத்தும் பல குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகவில்லை. பிற்பாடு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பத்து முறைக்கு மேல் சொட்டு குடித்த குழந்தைகளுக்கே போலியோ வந்தபோதுதான் அந்த எச்சரிக்கையின் கனம் புரிந்தது.

452 குழந்தைகள், மூன்று வருடம்

ரோட்டா வைரஸிலும் இதே கதை. வாந்தி, பேதி, சில மணி நேரத்தில் நீர் வற்றிச் சோர்ந்துவிடும் குழந்தை. தடுப்பூசி வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

மெக்சிகோவில் நடந்த ஓர் ஆய்வு, இரண்டு முறை இயற்கையாகத் தொற்று வந்துவிட்டால் பிறகு கடுமையான பேதி வராது என்று சொன்னது. தடுப்பு மருந்தும் அதே வேலையைச் செய்யும் என்பதுதான் உலகத்தின் கணக்கு. காங்கின் குழு வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் 452 பச்சிளம் குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது. வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய் விசாரிப்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி. 373 குழந்தைகள் கடைசிவரை இருந்தார்கள். (ஆய்வுக் கட்டுரையில் இது ஒரே வரி. களப்பணியாளர்கள் எத்தனை ஆயிரம் படி ஏறி இறங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) 2011-ல் வெளியான முடிவு மெக்சிகோ கணக்கைக் கலைத்தது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

ஆக, மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நிஜ வைரஸே வந்து போனாலும் இந்தக் குடல் முழுசாகப் பாடம் படிப்பதில்லை.

தோற்றுப்போன யோசனைகள்

ஏன்? சந்தேகங்கள் நிறைய. பிறந்ததிலிருந்தே கிருமிகளோடு மல்லுக்கட்டும் குடலில் உறிஞ்சும் விரல்கள் மழுங்கிப்போகின்றன என்பதை வேலூரில் பேக்கரும் மாத்தனும் 1970-களிலேயே விவரித்திருந்தார்கள். 'கிருமிகளைக் குறைத்துவிட்டால்?' என்று காங்கின் குழு சொட்டு மருந்துக்கு முன் அசித்ரோமைசின் குடுத்துப் பார்த்தது. குடல் பாக்டீரியாக்கள் குறைந்தன, மருந்தின் பலன் கூடவில்லை. துத்தநாகமும் புரோபயாட்டிக்கும் குடுத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியா, மலாவி, பிரிட்டன் மூன்றையும் ஒப்பிட்ட பிந்தைய ஆய்வில், தாயிடமிருந்து ரத்தம் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் வரும் எதிர்ப்புப் புரதமே நம் குழந்தைகளிடம் மருந்து வைரஸைப் பெருகவிடாமல் தடுப்பது தெரிந்தது. அம்மா குடுக்கும் பாதுகாப்பே மருந்துக்குக் குறுக்கே நிற்கிறது! இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல முடியுமா? முடியாது.

பலித்தது ஒன்று, அதுவும் போலியோவில். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள, ஏற்கெனவே பலமுறை சொட்டு குடித்த 450 வேலூர்க் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஓர் ஊசி போட்டார்கள். நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் சொட்டு குடுத்து, அடுத்த வாரம் மலத்தைச் சோதித்தார்கள். ஊசி போடாதவர்களில் 26 சதவீதத்தினர் மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றினார்கள். ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் மட்டுமே. முதல் வகைக்கு 19-ம் 12-ம். ஊசி தனியாகக் குடலை எட்டாது. ஆனால் சொட்டு ஏற்கெனவே பழக்கிவைத்த குடலுக்கு அது பழைய பாடத்தை நினைவூட்டுகிறது. 2014-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது.

நாட்டின் அட்டவணையில் 2015 நவம்பரில் ஊசி சேர்ந்ததற்கு உடனடிக் காரணம் வேறு. சொட்டிலிருந்து இரண்டாம் வகை வைரஸை உலகம் முழுக்க நீக்கப்போவதால் ஏற்படும் இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் பாட்டியின் கேள்விக்குப் பதில் இதுதான்: சொட்டு குடலுக்கு, ஊசி ரத்தத்துக்கு; இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை.

56 சதவீதம் போதுமா?

ரோட்டாவேக் மருந்தின் மூல வைரஸ் 1980-களில் எம்.கே.பான் குழுவினரால் டெல்லி எய்ம்ஸில் பச்சிளம் குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்டது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையில் முதல் வருடப் பாதுகாப்பு 56 சதவீதம். பணக்கார நாடுகளில் இதே வகை மருந்துகள் 85 சதவீதத்தைத் தாண்டும்.

'பாதிதானே' என்று தோன்றும். ஆனால் நோய் அதிகமாக இருக்கும் இடத்தில் பாதியைத் தடுப்பதே, நோய் அபூர்வமான இடத்தில் முழுசாகத் தடுப்பதை விட அதிக உயிர்களைக் காக்கும். 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. குடல் செருகல் என்ற ஆபத்தான பக்கவிளைவு வருமோ என்று விமர்சகர்கள் தரவு கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். மருத்துவமனைக் கண்காணிப்பு அடிப்படையில் 2020-ல் வெளியான ஆய்வு, அந்த ஆபத்து கூடவில்லை என்றது. பிறகு ஒன்பது மாநில மருத்துவமனைகளில் பார்த்தபோது, நிஜ உலகிலும் பலன் 54 சதவீதம். சோதனையில் கிடைத்ததற்குப் பக்கத்தில்தான்.

சொட்டே வேண்டாம், ரோட்டாவுக்கும் ஊசியே போட்டுவிடலாமே என்று ஆப்பிரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. சொட்டை விட மேலாக இல்லை என்று 2022-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. மூக்கில் விடும் கொரோனா தடுப்பு மருந்து 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமானபோதும் இதே கேள்வி திரும்ப வந்தது: சளிச்சவ்வை நம்பகமாகப் பழக்குவது எப்படி?

இப்போதைக்கு ரோட்டா சொட்டு மூன்று தவணை: 6, 10, 14-வது வாரங்களில். 45-ம் நாள் வந்த கோவை அம்மா, மீதி இரண்டுக்கும் வந்தாக வேண்டும்.