ரிஞ்சானி மலைப் பயணம்: புறப்படும் முன் அறிய வேண்டியவை

"மலேசியாவில் வேலை பார்க்கும் என் மகன், நண்பர்களோடு லொம்போக் தீவில் மூன்று நாள் மலையேறப் போகிறானாம். சரி என்று சொல்லவா, வேண்டாம் என்று தடுக்கவா?" என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். போகலாம் என்பதே நம் பதில். ஆனால் எப்படிப்பட்ட மலை, யாரை நம்பி ஏறுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தீவும் மலையும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் கிழக்கே, ஒரு நீரிணையைத் தாண்டினால் லொம்போக். இங்கு வாழும் சாசாக் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 'ஆயிரம் பள்ளிவாசல்களின் தீவு' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. தீவின் வடக்கில் நிற்கும் ரிஞ்சானி 3,726 மீட்டர் உயரமான எரிமலை. 1997 முதல் தேசியப் பூங்கா.

1257-ல் இதன் அருகிலிருந்த சமாலாஸ் எரிமலை வெடித்தது. உலகின் மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று அது. பாமாதான் என்ற நகரமே புதைந்துபோனதை அத்தீவின் ஓலைச்சுவடிகள் சொல்கின்றன. அன்று உண்டான பெரும்பள்ளத்தில்தான் இன்று செகாரா அனாக் ஏரி இருக்கிறது. 'கடலின் பிள்ளை' என்று பொருள். அதன் நடுவே பாருஜாரி என்ற சிறு எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

மூன்று நாள் நடை

முதல் நாள் செம்பாலுன் கிராமத்திலிருந்து நிழலில்லாத புல்வெளி வழியே ஏற்றம். மாலையில் 2,639 மீட்டரில் உள்ள பள்ளத்தின் விளிம்பில் கூடாரம். நம் தொட்டபெட்டாவின் உச்சி அளவுக்கு உயரம்!

இரண்டாம் நாள் நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ இரண்டு மணிக்கே உச்சிக்குப் புறப்பாடு. தளர்ந்த எரிமலைச் சரளையில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். கடுங்குளிர், காற்று, இருபுறமும் சரிவு. உச்சி தொட்டு இறங்கி, ஏரிக்குப் போய், மூன்று நாளில் முடிப்பவர்கள் அன்றே எதிர் விளிம்புக்கும் ஏறுவார்கள். மூன்றாம் நாள் மழைக்காடு வழியே செனாரு கிராமத்துக்கு இறக்கம்.

இரண்டாம் நாளின் சுமை மிக அதிகம். நான்கு நாள் எடுத்துக்கொண்டால் ஏரிக்கரையில் ஓரிரவு தங்கி, வெந்நீர் ஊற்றில் கால் அலுப்பைப் போக்கிக்கொள்ளலாம். உச்சியை விட்டுவிட்டு விளிம்போடு திரும்பினாலும் குறையொன்றுமில்லை.

ஆபத்து எங்கே?

2018 ஜூலை 29 நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து, நூற்றுக்கணக்கான மலையேறிகள் மேலேயே சிக்கினார்கள். ஒரு வாரத்தில் வந்த அடுத்த நிலநடுக்கம் தீவில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. 2025 ஜூனில் உச்சிக்குப் போகும் வழியில் பிரேசில் நாட்டு இளம்பெண் ஒருவர் பள்ளத்தில் விழுந்தார். மூடுபனியிலும் செங்குத்தான சரிவிலும் மீட்புப் பணி நாள்கணக்கில் நீண்டது. அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. களைத்துப் பின்தங்கிய நேரத்தில் அவர் தனித்திருந்ததாகச் செய்திகள் கூறின.

எனவே வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்பதல்ல. "எங்களில் ஒருவர் பின்தங்கினால் அவரோடு யார் இருப்பார்?" என்பதே. தெளிவான பதில் இல்லையென்றால் அவரோடு போக வேண்டாம். மழைக்காலத்தில், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை, பாதையை மூடிவிடுவார்கள். அந்நாட்களில் "ரகசியமாக அழைத்துப் போகிறோம்" என்பவரை நம்பவே கூடாது.

சுமப்பவர்களின் உரிமை

நம் கூடாரம், அரிசி, தண்ணீர், அடுப்பு அனைத்தையும் மூங்கில் தடியின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து வருபவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நாம் விலையுயர்ந்த காலணியில் தடுமாறும் இடத்தில் அவர்களில் பலர் ரப்பர் செருப்போடு நடக்கிறார்கள். மற்றவர்களைவிட மிகக் குறைந்த கட்டணம் சொல்லும் ஏற்பாட்டாளரிடம், அந்தக் குறைவு யாருடைய கூலியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆளுக்கு எத்தனை கிலோ, இரவில் அவர்களுக்குப் போர்வை உண்டா என்றும் கேளுங்கள். கூலியாளின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. நம் குப்பையை நாமே கீழே கொண்டுவருவதும் அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.

தொழுகை

பயணி என்ற முறையில் நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழுதுகொள்வார்கள். உளூவோடு அணிந்த, கணுக்காலை மூடிய காலணி மீது மஸஹ் செய்யும் சலுகை பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். இரவில் கழற்றிவிட்டால் சலுகை முடிந்துவிடும். மறுபடி கால் கழுவியே அணிய வேண்டும். விளிம்பில் தண்ணீர் அரிது. குடிக்கத் தேவையான நீரை உளூவுக்குச் செலவிட்டுத் தவிக்க வேண்டாம், தயம்மும் இருக்கிறது. உச்சிக்குப் போகும் நாளில் பஜ்ரு நேரம் நடுவழியிலேயே வரும். எங்கே நிற்கலாம் என்று முதல் நாளே வழிகாட்டியோடு பேசிவைத்தால் சரிவில் தடுமாற வேண்டியிருக்காது.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "மகனைத் தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் பின்தங்கும் நண்பனை விட்டுவிட்டு உச்சிக்குப் போகமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்குங்கள்." போகிறவர்கள் அனைவரும் நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக.