பொய் அறுவையும் மெய் வலியும்

மாத்திரைக்குப் பொய் மாத்திரை உண்டு என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. மாவையோ சர்க்கரையையோ உருட்டி நிஜ மருந்தின் நிறத்திலேயே கொடுப்பார்கள். யாருக்கு எது போனது என்பது விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. புதிய மருந்துகள் பெரும்பாலும் இந்தக் கண்கட்டுப் பரீட்சையைத் தாண்டித்தான் கடைக்கு வந்தாக வேண்டும். கத்திக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஒரு சர்ஜன் புதிய முறையொன்றைச் செய்து பார்த்து, பத்துப் பேரில் எட்டுப் பேர் 'தேவலை சார்' என்று சொல்லிவிட்டால் போதும், அது சிகிச்சை ஆகிவிடுகிறது. அப்புறம் அதைக் கேள்வி கேட்பவர் நோயாளிக்கு விரோதி.

பொய் ஆபரேஷன் செய்து பார்த்தால் என்ன? கேட்கவே பதறுகிற இந்த யோசனை 1950களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நெஞ்சு எலும்பின் இரு ஓரத்திலும் இறங்குகிற ரத்தக்குழாயைக் கட்டிவிட்டால், தடைபட்ட ரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும், நெஞ்சுவலி போகும் என்றொரு கருத்து. 1939இல் இத்தாலியில் ஃபியெஸ்கி தொடங்கிவைத்தது, 50களில் அமெரிக்காவில் பரபரப்பாகப் பரவியது. லோக்கல் மயக்க மருந்தில் செய்துவிடலாம், சின்னக் கீறல், ஆளும் எழுந்து நடமாடுவார். சியாட்டிலில் லெனர்ட் காப் குழுவினர் 17 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நெஞ்சில் கீறினார்கள். சிலருக்கு மட்டுமே குழாயைக் கட்டினார்கள், மற்றவர்களுக்குக் கீறித் தைத்ததோடு சரி. 1959இல் முடிவு வந்தது: இரண்டு தரப்பும் ஒரேபோலத் தேறியிருந்தன. கான்சஸில் 18 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையும் இதையே சொன்னது. அந்த ஆபரேஷன் சத்தமில்லாமல் காணாமல் போனது. சியாட்டில் நோயாளிகளுக்கு, தங்களில் சிலருக்கு வெறும் கீறல்தான் என்பது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடி ஒன்றில் க்வெசலித் என்று ஒருவர். மந்திர வைத்தியர்களின் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்தியே தீருவது என்று அவர்களிடமே சிஷ்யராகச் சேருகிறார். வாயோரத்தில் கொஞ்சம் இறகுத் தூவியை ஒளித்துவைத்து, நாக்கைக் கடித்து ரத்தத்தில் தோய்த்துத் துப்பி, 'இதோ உன் நோய்' என்று காட்டுகிற வித்தையைக் கற்கிறார். சிக்கல் என்னவென்றால், அவர் கை வைத்தவர்கள் குணமாகிறார்கள். அம்பலப்படுத்த வந்தவர் பேர்போன வைத்தியராகிவிடுகிறார். லெவி-ஸ்ட்ராஸின் விளக்கம் இதுதான்: வைத்தியனின் நம்பிக்கை, நோயாளியின் நம்பிக்கை, சுற்றி நிற்கிற சமூகத்தின் நம்பிக்கை என்ற முக்கோணத்தில்தான் மந்திரம் வேலை செய்கிறது.

ஆபரேஷன் தியேட்டரைவிடக் கச்சிதமான சடங்குக்களம் எது? பட்டினி, தனி உடை, முகமூடி, நினைவு தப்புதல், விழித்தால் உடம்பில் ஒரு தழும்பு. போதாததற்கு நாமே கொடுத்த பணம். இவ்வளவும் சேர்ந்து உடம்பை ஒன்றும் செய்யாமலா இருக்கும்? ஆனால் எல்லாவற்றையும் நம்பிக்கையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரைத் தேடிப் போகிறோம். ஏறி இறங்குகிற இயல்புள்ள வலி, உச்சத்துக்குப் பிறகு தானாகவே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். தவிரவும், மெனக்கெட்டு ஆபரேஷன் பண்ணிய டாக்டரின் முகத்துக்கு நேரே 'ஒண்ணும் பிரயோஜனமில்ல' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பொய் அறுவை என்கிற ஒப்பீட்டுத் தரப்பு இல்லாமல் இந்த மூன்றையும் கத்தியின் பலனிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

2002இல் ஹூஸ்டனில் ப்ரூஸ் மோஸ்லி குழு வெளியிட்டது முட்டித் தேய்மானம் பற்றிய ஆய்வு. துளை போட்டுக் குழாய்க் கருவியை விட்டு மூட்டைக் கழுவுவது, தேய்ந்துபோனதைச் சுரண்டி எடுப்பது ஆகியவை அன்று அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் நடந்துகொண்டிருந்தன. 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கழுவல், ஒரு பிரிவுக்குச் சுரண்டல், மூன்றாம் பிரிவுக்குத் தோலில் கீறல்கள் மட்டும். இவர்களுக்கு அரைமயக்கம் கொடுத்து, நிஜ ஆபரேஷன் போலவே கருவிகளைக் கேட்டு வாங்கி, கழுவுகிற சத்தம் வரத் தண்ணீரைக்கூடச் சளசளக்க வைத்தார்கள். நாடகம் என்றால் இதுவல்லவா! இரண்டு வருஷம் கவனித்துப் பார்த்ததில் மூன்று பிரிவுக்கும் வலியில் வித்தியாசமில்லை. முட்டி ஜவ்வுக் கிழிசலுக்குச் செய்வது பற்றி 2013இல் ஃபின்லாந்திலிருந்தும், தோள்பட்டையில் எலும்பைச் செதுக்குவது பற்றி 2018இல் பிரிட்டனிலிருந்தும் இதேபோன்ற முடிவுகள் வந்தன.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது, அதில் நியாயமும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்குக் கருத்திசுவை மூளையில் பதிக்கும் ஆய்வொன்றில் (2001) பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டார்கள். பலன் தராது என்று தெரிந்தே ஓர் உடம்பில் துளை போடலாமா என்று ரூத் மேக்லின் போன்ற அறவியலாளர்கள் கேட்டார்கள். இதற்கான பதிலும் லேசானதல்ல: சோதிக்காத ஆபரேஷனை லட்சம் பேருக்குச் செய்வதும் சோதனைதான், என்ன, முடிவை யாரும் குறித்துவைப்பதில்லை.

பெரிய சண்டை இதயத்தில்தான் வெடித்தது. மாரடைப்பு வந்துகொண்டிருக்கிற நேரத்தில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைப்பது உயிரைக் காக்கிறது, அதில் விவாதமே இல்லை. விவாதம், நடந்தால் நெஞ்சு வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்கிற நிலையான நெஞ்சுவலிக்காரர்களைப் பற்றியது. இவர்களுக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைப்பதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று 2007இல் கரேஜ் ஆய்வு சொன்னது. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வும் 2020இல் ஏறக்குறைய அதையே சொன்னது. சரி, வலியாவது குறைகிறதல்லவா என்றார்கள். லண்டனில் ரஷா அல்-லமீ குழு 2017இல் வெளியிட்ட ஆர்பிட்டா அதையும் கேள்வியாக்கியது. 200 பேர். சிலருக்கு ஸ்டென்ட், சிலருக்குக் குழாயை உள்ளே விட்டு எடுத்ததோடு சரி. ஆறு வாரம் கழித்து நடைப் பட்டையில் ஏற்றிப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசம் 16 வினாடிக்குச் சற்று மேல். புள்ளியியல் கணக்கில் அது நிற்கவில்லை.

நம்மில் சிலர் கைதட்டத் தொடங்கிவிடுகிற இடம் இது. 'பார்த்தீர்களா, அலோபதியும் ஒரு புனைவு, ஃபூக்கோ சொன்ன அதிகாரச் சொல்லாடல், அவ்வளவுதான்' என்று. இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை. அதே குழு 2023இல் இரண்டாவது ஆர்பிட்டாவை வெளியிட்டது. இம்முறை 301 பேர், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டுச் செய்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொய்ச் சிகிச்சையைவிட வலி தெளிவாகவே குறைந்தது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முழுசாக விடவில்லை. தன் முதல் முடிவைத் தானே திருத்திக் கூர்மைப்படுத்துகிற இந்தக் காரியத்தை வெறும் சொல்லாடல் செய்யாது. க்வெசலித்தின் கிராமத்தில் இறகில்லாமல் துப்பிப் பார்க்கிற ஒரு தரப்பு இல்லை. சித்த வைத்தியத்துக்காக வாதாடுகிற நண்பர்களும் இந்தப் பரீட்சையை ஏற்கத் தயாரா என்று கேட்டுவைப்போம்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்றால், எது பரீட்சைக்கு வருகிறது, எது வராமலே தப்புகிறது என்பதில். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. அதுவரை லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல காரியம், ஏழைக்கு உதவிய காரியம். ஆனால் பேச்செல்லாம் விலையைப் பற்றியே இருந்தது. நிலையான நெஞ்சுவலிக்காரர் ஒருவருக்கு இது வேண்டுமா, முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்கிற பேச்சு சந்தைக்கும் வரவில்லை, சட்டசபைக்கும் வரவில்லை.

ஹூஸ்டன் ஆய்வில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும், தனக்குப் பொய் அறுவை மட்டுமே கிடைக்கலாம், அதனால் முட்டிக்கு ஒரு பலனும் இருக்காது என்பது புரிந்தது என்று தங்கள் கையாலேயே எழுதித் தர வேண்டியிருந்தது. தகுதியானவர்களாகத் தேர்வான 324 பேரில் 144 பேர் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நிஜ அறுவைக்குப் போகிற நம்மிடம் நர்ஸ் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டி, 'பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்? சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, இங்கயும் ஒண்ணு' என்கிறார்.