இடைவெளி குறைந்தது, அலை வலுத்தது

தேக்கா சந்தையில் நன்றாக ஒட்டப்பட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே உலோகம் இருக்கிறதா என்று திறக்காமலே அறிய எக்ஸ்ரே உதவும். ஆனால் எக்ஸ்ரே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்கும். அளவு மீறினால் உடலுக்குத் தீங்கு. அட்டை, துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றை ஊடுருவி, உலோகத்தில் பட்டுத் திரும்பும் வேறோர் அலை உண்டு. எலக்ட்ரானைப் பெயர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதுதான் டெராஹெர்ட்ஸ் அலை.

நுண்ணலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் நடுவில் இதன் இடம். 1 டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 1 டிரில்லியன் அதிர்வுகள், அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். ஆனால் காற்றிலுள்ள நீராவி இந்த அலையை உறிஞ்சிவிடும். ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூரில் அது விரைவிலேயே மங்கிவிடும். எனவே, புறப்படும்போதே அலை வலுவாக இருக்க வேண்டும்.

அதை எப்படி உருவாக்குவது? இரண்டு நாதஸ்வரங்களின் சுருதி சற்றே விலகியிருந்தால், ஒலி ஏறி இறங்குவதைக் கேட்கலாம். இதற்கு ‘விம்மல்’ என்று பெயர். ஒளியிலும் இது நடக்கும். 375, 374 டெராஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இரு லேசர் கதிர்களைச் சேர்த்தால், ஒளியின் செறிவு விநாடிக்கு 1 டிரில்லியன் முறை கூடிக் குறையும். இந்த ஒளி, வெளிச்சம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் குறைகடத்தியின்மீது விழுகிறது. அங்கே விடுபடும் எலக்ட்ரான்களை இரு மின்முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் இழுக்கிறது. மின்னோட்டமும் அதே வேகத்தில் கூடிக் குறைவதால், டெராஹெர்ட்ஸ் அலை வெளியேறுகிறது.

லேசரின் திறனைக் கூட்டினால் போதாதா? கூட்டிக்கொண்டே போனால் சாதனம் சூடாகிப் பழுதாகும். 2012ல் சிங்கப்பூரின் ஏ*ஸ்டார் ஆய்வாளர்களும் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் வேறு வழியைக் காட்டினர். மின்முனைகளை நுனிக்கு நுனி எதிரெதிராக அமைத்து, இடைவெளியை ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குக் குறைத்தனர். தலைமுடியின் தடிமனில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்னழுத்தம் மாறாமல் இடைவெளி பத்தில் ஒன்றானால், மின்புலம் பத்து மடங்காகும். எலக்ட்ரான்கள் கடக்கும் தூரமும் குறையும். அந்த நுனிகளே நுண்ணிய ஆன்டெனாக்களாகவும் செயல்பட்டன. சீப்பின் பற்கள்போல அமைந்த வழக்கமான மின்முனைகளைவிட ஏறத்தாழ 100 மடங்கு திறன் கிடைத்தது, அதுவும் அறை வெப்பநிலையில்.

இத்தகைய சாதனங்களின் திறன் பொதுவாக மைக்ரோவாட் அளவில்தான் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மடங்கும் முக்கியம்.

கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் லேசர் 375 டெராஹெர்ட்ஸ். 3 டெராஹெர்ட்ஸ் அலை கிடைக்க இரண்டாவது லேசரின் அதிர்வெண் என்னவாக இருக்க வேண்டும்? விடை ஒன்றல்ல, இரண்டு!